பழைய போனில் கிடந்த குரவை

நாங்கள் இருக்கும் இந்த ஜேர்மன் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் போத்தலைக்கூடத் தொட்டியில் போடக் கூடாது. அது உடையும் சத்தம் அயலவரின் ஓய்வைக் கெடுத்துவிடுமாம். வந்த புதிதில் இது தெரியாமல் ஓர் ஊறுகாய்ப் போத்தலைக் கொண்டுபோய்ப் போட்டேன். உடனே கட்டடத்தில் மூன்று ஜன்னல்கள் திறந்தன. கீழ்வீட்டு முதியவர் ஹெர் லாங்கே செருப்போடு இறங்கி வந்து, வாசலில் ஒட்டியிருந்த விதித்தாளை விரலால் தட்டிக் காட்டினார். 'ரூஹெட்ஸைட்', அதாவது ஓய்வு நேரம். நான் பிறந்தது இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில். அங்கே விடியற்காலையில் பாண்காரரின் முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பின்னால் மீன்காரர் ஹோர்ன் அடிப்பார். அதற்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ ஒருவரின் காணாமல்போன ஆட்டைப் பற்றி அறிவித்தல் வரும். ஒரு வீட்டில் சத்தம் கேட்கவில்லை என்றால், சுகமில்லையோ என்று அயல்வீட்டார் பார்க்க வந்துவிடுவார்கள். இங்கே சத்தம் கேட்டால்தான் பார்க்க வருகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் என் தங்கை ஸஹ்னாவின் கலியாணம் ஊரில் நடந்தது. எங்கள் விசா புதுப்பிப்பு இன்னும் முடியாததால் எங்களால் போக முடியவில்லை. அழுது தீர்த்துவிட்டு, சரி, போனிலாவது போவோம் என்று காலையிலேயே பட்டுச் சேலை உடுத்து, கை நிறையக் காப்புப் போட்டு, குசினி மேசையில் புதுப் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இவ்வளவு உடுத்து எங்க போற, குசினிக்கா?" என்று என் கணவர் பகிடி பண்ணினார். பதில் சொல்வதற்குள் ஸஹ்னாவின் அழைப்பு வந்தது. பாதி மருதாணி, பாதி கண்ணீர்.

"ராத்தா, சாச்சிக்குச் சத்தம் வருதில்ல" என்றாள்.

சாச்சி எங்கள் உம்மாவின் தங்கை. எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குக் கலியாணம் என்றாலும், மாப்பிள்ளை பெண்வீட்டுப் படலைக்குள் கால் வைக்கும் நேரத்தில் முதல் குரவை சாச்சியுடையதுதான். ஊராருக்குக் குரவையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெண்கள் வாயருகே கையை வைத்து, நாக்கைச் சுழற்றி எழுப்பும் மங்கல ஒலி அது. பக்கத்து ஊர்க் காரைதீவுத் தமிழ்ப் பெண்களும் போடுவார்கள், நாங்களும் போடுவோம். யாரிடமிருந்து யார் படித்தது என்று இன்றுவரை கதைத்து முடிக்கவில்லை. சாச்சி போட்டால் அடுத்த ஊரான மாளிகைக்காட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என்னுடைய குரவையைக் கேட்டால் அவவுக்குச் சிரிப்பு வரும். "இது குரவையா மகள்? கேத்தில்ல தண்ணி கொதிக்கிற சத்தம்" என்பா. அந்தச் சாச்சிக்குக் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். கலியாணத்துக்கு முன் குரல் திரும்பிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அன்று காலை போட்டுப் பார்த்திருக்கிறா. வெறும் காற்றுத்தான் வந்ததாம்.

"ஒங்கட கலியாணத்தில சாச்சி போட்ட குரவைய நான் ஒங்கட போன்லதான எடுத்த? அந்தப் பழைய போன் இரிக்கித்தான? அத அனுப்புங்க. ஸ்பீக்கர்ல போடுவம்" என்றாள் ஸஹ்னா.

"அது என்ன பேர்ல கிடக்கு எண்டும் தெரியாதே புள்ள."

"என்ன பேர்ல கிடந்தாலும் தேடுங்க. அஸர் தொழுதுபோட்டு மாப்பிள ஊட்டார் வெளிக்கிட்டிருவாங்க. சாச்சியிட குரவை கேக்காம நான் அறைய உட்டு வெளிய வர மாட்டன்."

பின்னாலிருந்து சாச்சியின் கரகரத்த குரல் கேட்டது. "அவள்ற விசர்க் கதையக் கேக்காத மகள். சாச்சிக்கு வயசு போயிட்டு, அவ்வளவுதான். நீ உன்ட வேலையப் பாரு." தங்கை போனை வாயோடு அணைத்து மெதுவாகச் சொன்னாள்: "விடியத்திலரிந்து ஒண்டும் தின்னல்ல ராத்தா. மூலைக்குள்ள போய்க் குந்திக்கிட்டு இரிக்கா." அதைக் கேட்டதும் எழும்பிப் போய்ப் பழைய போனை எடுத்து வந்தேன். கலியாண வீட்டில் பந்தல் கட்டுபவரையே வேலை வாங்குகிற மனுசி அவ. மூலைக்குள் குந்தியிருக்கிறா என்றால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

புதுப் போன் வாங்கி ஒரு வாரமாகியிருந்தது. பாட்டுகளை மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், செய்யவில்லை. பழைய போனின் நிலைமை அப்படி. கண்ணாடி நடுவால் வெடித்திருந்தது. வைபை செத்துப்போயிருந்தது. வாட்ஸ்அப் அதில் ஓடுவதை நிறுத்திக் கனகாலம். சார்ஜ் வயரை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தால்தான் உயிர் இருக்கும், விட்டால் அணைந்துவிடும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, புதுப் போனில் மெமரிக் கார்டு போட இடமும் இல்லை. கடைக்குப் போய் இரண்டு போனையும் இணைக்கும் வயர் ஒன்று வாங்கலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் கடை என்று ஒன்று திறந்திருக்காது. மிஞ்சியது புளூடூத். அதில் ஒவ்வொரு பாட்டாக அனுப்ப வேண்டும். புதுப் போன் ஒவ்வொன்றுக்கும், ஏற்கவா மறுக்கவா என்று சம்பந்தம் பேச வந்த வீட்டாரைப் போலக் கேட்கும். கணவரிடம் வயரைக் கொடுத்து, "இப்பிடியே புடிச்சிக்கிட்டு நில்லுங்க, அசையக் கூடாது" என்றேன். மனுசன் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றார்.

எல்லாவற்றையும் அனுப்ப நேரமில்லை, குரவையை மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கத் தொடங்கினேன். என் பாட்டுச் சேமிப்பு என்பது நான் சேர்த்தது மட்டும் இல்லை. ஊருக்குப் பக்கத்தில், கல்முனை பஸாரில் மெமரிக் கார்டுக்குப் பாட்டு ஏற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. நீங்கள் நாலு பாட்டுக் கேட்டால், உங்களுக்கு முன்னால் வந்தவரின் கார்டில் இருந்ததையும் சேர்த்து அள்ளிப் போட்டுவிடுவார்கள். கேட்டால், "கிடக்கட்டுமே தங்கச்சி, சும்மாதான" என்பார்கள். அதனால் என் போனில் நோன்பு மாதத்தில் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு வீடுவீடாக எழுப்பி வரும் பக்கீர் பாவாவின் பாட்டு இருக்கிறது. முகம் தெரியாத யாரோ ஒருவரின் கலியாண ஊர்வலத்துப் பொல்லடி இருக்கிறது, கம்புகள் மோதுகிற சத்தத்தோடு. "சோத்துச் சட்டிக்குப் பொறுப்பானவர் எங்கிருந்தாலும் உடனடியாகப் பின்பக்கம் வரவும்" என்று பதறும் ஓர் ஒலிபெருக்கி அறிவித்தலும் இருக்கிறது. அது எந்த ஊர்க் கலியாணம், அந்தச் சோறு என்னவானது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இங்கே நான் சலவைக்கூடத்தில் வேலை செய்யும்போது காதில் மாட்டிக்கொண்டு இவற்றையெல்லாம் கேட்பேன். சட்டிக்காரர் வந்தாரா இல்லையா என்று யோசித்தபடியே ஆசுப்பத்திரி விரிப்புகளை மடிப்பேன். பாட்டு மாறுவதற்குள் ஒரு வண்டில் நிறைந்துவிடும்.

தேடிக்கொண்டு போகையில் நடுவில் ஒரு தடவை புளூடூத் தொடர்பு அறுந்தது. மீண்டும் இணைக்கப் பெயர்களின் வரிசையைத் திறந்தேன். வெடிப்புக்குள் எழுத்துத் தெரியவில்லை, புதுப் போனாகத்தான் இருக்கும் என்று ஒன்றைத் தட்டினேன். இணைந்தது. அடுத்த பாட்டைப் போட்டால் சத்தமே இல்லை. கூட்டினேன், இல்லை. முழுதாகக் கூட்டினேன், அப்போதும் இல்லை. "வயர ஆட்டினீங்களா?" என்று கணவரோடு சண்டைக்குப் போனேன். "அல்லாஹ்க்காக, கை மரத்துப் போச்சு, நான் எங்க ஆட்டுற" என்றார். அப்போதுதான் எங்கள் நிலத்துக்குக் கீழிருந்து, சாச்சியின் குரல் எழும்பி வந்தது. சாய்ந்தமருதுச் சாச்சி, தன் முழுப் பலத்தோடு, ஜேர்மனியில், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நேரத்தில், ஹெர் லாங்கேயின் வரவேற்பறையில் நின்று குரவை போட்டுக்கொண்டிருந்தா.

நான் தட்டியது அவருடைய ஸ்பீக்கரின் பெயரை. அதை நிறுத்துவதற்குள் கதவில் இடி விழுந்தது. திறந்தால் ஹெர் லாங்கே, வெளிறிய முகம், கையில் போன். "அல்லெஸ் இன் ஓர்ட்னுங்?" என்றார். எல்லாம் சரியா என்று கேட்கிறார். ஒரு பெண் கதறுகிறாள், பொலிஸைக் கூப்பிடவா என்றும் கேட்டார். பிறகு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உள்ளே என் கணவர் கையில் வயரோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தார். ஹெர் லாங்கேயின் கண் வயரிலேயே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த ஜேர்மன் எல்லாம் பறந்துபோய் ஒரேயொரு சொல்தான் வாயில் வந்தது: "ஹொக்ட்ஸைட்." கலியாணம். அவர் என் பட்டுச் சேலையைப் பார்த்தார், காப்புகளைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "இன்றைக்கா?" என்று கேட்டு உள்ளே வந்து, வாழ்த்துச் சொல்லிக் கணவரிடம் கையை நீட்டினார். எங்களுக்குக் கலியாணமாகிக் கனகாலம் என்று எப்படிச் சொல்வது? கணவரோ வயரை விட்டால் போன் அணைந்துவிடும் என்று கை கொடுக்காமல் பல்லை மட்டும் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து பதில் வந்தது. மேல்வீட்டில் சிரியாவைச் சேர்ந்த உம்மு யூசுப் இருக்கிறா. படிக்கட்டில் ஸலாம் சொல்லிக்கொள்வதோடு எங்கள் பழக்கம் முடிந்துவிடும். அவவின் பல்கனியிலிருந்து ஒரு குரவை எழும்பி, எங்கள் திறந்திருந்த ஜன்னலால் உள்ளே வந்தது. சாச்சியினதை விடக் கொஞ்சம் கூர்மை, நாக்குச் சுழற்சி வேறு, ஆனால் குரவைதான். நான் ஜன்னலடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். சற்று நேரத்தில் ஒரு தட்டில் பேரீச்சம்பழப் பணியாரத்தோடு அவவே இறங்கி வந்தா. "மப்ரூக், மப்ரூக்" என்று அரபியில் வாழ்த்திவிட்டு, "எங்கே மணப்பெண்?" என்றா. நான் மேசையில் இருந்த போனைக் காட்டினேன். அவவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல ஜேர்மனில் அவவே ஹெர் லாங்கேக்கு விளக்கினா: இது கதறல் இல்லை, சந்தோஷம், கலியாணம் தங்கச்சிக்கு, இலங்கையில். அவர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தன் மகள் வாங்கித் தந்த அந்த ஸ்பீக்கர் எப்போதும் தன் சொல்லைக் கேட்பதில்லை என்று எங்களிடம் முறைப்பாடு செய்தார்.

பிறகு குரவையைப் புதுப் போனுக்கு அனுப்பினேன். நாலு பேரும் அந்தச் சின்னக் கோடு நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏற்கவா என்று கேட்டதும் உம்மு யூசுப் எனக்கு முன்னால் விரலை நீட்டி அமத்தினா. அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஸஹ்னாவுக்குப் போய்ச் சேர்ந்தது. "கிடைச்சிட்டு ராத்தா" என்று வந்தது. கூடவே ஒரு கூட்டம் இதயங்கள். கணவர் வயரை விட்டுக் கையை உதறினார், பழைய போன் அணைந்தது. நான் தேத்தண்ணி ஊற்றினேன். ஹெர் லாங்கே போகவில்லை. மாப்பிள்ளை வரும்வரை இருக்கலாமா என்று கேட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஊரில் பின்னேரம், அஸருக்குப் பிறகு வீடியோவில் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை தெரிந்தது. பொல்லடிக்காரர் சுற்றிச் சுழன்று வர, மாப்பிள்ளை பந்தலை நெருங்கினார். யாரோ சாச்சியைக் கொண்டுவந்து படலையடியில் நிறுத்தியிருந்தார்கள். முகம் தொங்கிப் போயிருந்தது. மாப்பிள்ளை கால் வைத்ததும் ஒலிபெருக்கியில் குரவை பிறந்தது. சாச்சி திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தா. தன் குரல்தான் என்று விளங்கியதும் கை தானாக வாய்க்குப் போனது. அவவின் கைக்குப் பின்னால் சத்தம் இல்லை, ஆனால் நாக்குச் சுழல்வது எனக்குத் தெரிந்தது. சுற்றிநின்ற பெண்கள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அறைக் கதவு திறந்து ஸஹ்னா வெளியே வந்தாள். அப்போதுதான், நான் மறந்தே போயிருந்த ஒன்று அந்தப் பதிவின் கடைசியில் வந்தது. அன்றைக்கு மணப்பெண்ணாக இருந்த என் சிரிப்பும், என் குரலும்: "போதும் சாச்சி, காது வெடிக்கிது." ஒழுங்கை முழுக்க அது கேட்டது. வாப்பா ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தார். உம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா.

எனக்குத் தொண்டை வரை குரவை வந்து நின்றது. என்றாலும் ஞாயிற்றுக்கிழமை. போத்தல்கூடப் போடக் கூடாத நாள். விதித்தாளைத் தட்டிக் காட்டிய மனுசன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஹெர் லாங்கே என்னைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார், கைப்பிடியைத் திருகி நன்றாக இறுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பிட்டே" என்றார். தயவுசெய்து தொடங்குங்கள் என்பதுபோல் கையை விரித்துக் காட்டினார்.

நான் போட்டேன். உம்மு யூசுப்பும் சேர்ந்துகொண்டா. ஊரில் யாரோ அந்தப் பதிவைத் திரும்பவும் முதலிலிருந்து ஓட விட்டார்கள். ஸஹ்னா மருதாணிக் கையால் போனைத் தூக்கி ஒலிபெருக்கிப் பக்கம் காட்டிச் சிரித்தாள். "ராத்தா, ஒங்கட சத்தம் ரெண்டு பக்கத்தாலயும் கேக்குது." சாச்சி போனுக்குள் முகத்தை நுழைத்து, கரகரத்த குரலில், "கேத்தில் கொதிச்சிட்டு. இனிச் சோத்தக் கொண்டாங்க, பசிக்கிது" என்றா. நான் நிறுத்தவில்லை. போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த என் பழைய குரல் அங்கே பந்தலில் இன்னும் மணப்பெண்ணாக இருந்தது. போதாமல் போட்டுக்கொண்டிருந்த நான் இங்கே, ஜன்னல் சாத்திய குசினியில் நின்றேன்.