பத்தொன்பது பேருக்கு ஒரே பெட்டி

நீல நிறக் கருவிப் பெட்டி ஒன்று. அதை நினைத்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். மலேசியாவின் ஈப்போ நகரில் இளைஞர்களைத் தொழில்முனைவர் ஆக்குகிறோம் என்று பயிற்சி நடத்திய ஒரு நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். காலி நாற்காலிகளுக்கு ஆள் பிடிப்பதும் என் வேலைதான். சிலிபின் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த அக்காவை அப்படித்தான் ஏர்கோன், அதாவது குளிரூட்டி, கழுவிப் பழுதுபார்க்கும் வகுப்பில் சேர்த்துவிட்டேன்.

ஆயர் தாவார் தோட்டத்தில் பிறந்தவர். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். கையுறைத் தொழிற்சாலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஆறு வாரமும் வந்தார். பதினெட்டு ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். முதல் நாள் கேலி செய்தவர்களே கடைசியில் அவரிடம் சந்தேகம் கேட்டார்கள். முடிப்பவருக்கெல்லாம் கருவிப் பெட்டி உண்டு என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அதை நம்பி, பக்கத்து ஊரான லகாட்டில் ஒரு மளிகைக் கடைக்கு, நிறைவு விழாவுக்கு மறுநாளே ஏர்கோன் கழுவ வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய முதல் வாடிக்கையாளர்.

நிறைவு விழாவில் பெரிய மனிதர் ஒருவர் பெட்டியைக் கொடுத்தார். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். மேடைப் படியில் நான் காத்திருந்தேன். பெட்டியைத் திரும்ப வாங்கி அடுத்தவருக்காக மேலே அனுப்ப வேண்டும். பத்தொன்பது பேருக்கும் இருந்தது ஒரே பெட்டி.

அக்கா பிடியை விடவில்லை. "நாளைக்கு லகாட்டுக்குப் போவணும்லா. எதை வச்சு கழுவுறது?" என்றார். மேலிடத்து உத்தரவு என்று முனகியபடி பிடுங்கிக்கொண்டேன். ஊரை அடித்து உலையில் போட்டவர்களுக்கு நான் கூலியாள்.

அன்றே அவர் ஆயர் தாவாருக்குப் பஸ் ஏறி, அப்பா செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் தோள்பம்பை வாங்கி வந்து, பல தண்ணீர் விட்டு அலசி, அதைக் கொண்டே மறுநாள் வேலையை முடித்தாராம். இன்று அவருக்குச் சொந்த வேன் இருக்கிறது. புதிதாக வரும் இயந்திரங்களைக் கற்க இப்போதும் சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போகிறார்.

போன வாரம் ஈப்போவில் அந்த நிறுவனத்தின் பதாகையைப் பார்த்தேன். 'நாங்கள் உருவாக்கிய தொழில்முனைவர்' என்று போட்டு அக்காவின் படம், கையில் நீலப் பெட்டி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படமெடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டு, இவர்களைச் சும்மா விடக்கூடாது என்று குதித்தேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ஓரத்துல பாரு. பெட்டியை வாங்க ஒரு கை நீட்டிக்கிட்டு இருக்கு. அது உன் கைதான்லா."

படத்தைப் பெரிதாக்கினேன். சிவப்பு வார் போட்ட கைக்கடிகாரம். இப்போதும் அதைத்தான் கட்டியிருந்தேன்.