ராக்காயியின் குஞ்சுப் பெட்டி

மலாயாவில் பத்து காஜா ஊருக்குத் தெற்கே, ரப்பர் தோட்டத்துக் கூலியாட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த லயத்தில், கோழியை அடை வைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. முட்டை இருந்தால் போதாது, கோழி படுத்தால் போதாது. வைக்கிற கைக்கு ராசி வேண்டும். அந்த ராசி நாலு பிள்ளை பெற்ற நவமணிக்குத்தான் இருக்கிறதென்று லயமே கூடித் தீர்மானித்திருந்தது. யார் வீட்டுக் கோழி படுத்தாலும் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் வந்து கூடையில் மணல் பரப்பி, இடிக்குக் காவலாக ஒரு கரித்துண்டும் ஆணியும் போட்டு, ஒற்றைப்படையில் முட்டைகளை வைத்துவிட்டுப் போவாள்.

அடுத்த வீட்டு ராக்காயிக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். பிள்ளை இல்லை. அவள் கை ராசியில்லாத கை என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே நடந்துகொள்ளத் தெரிந்த ஜனங்கள். 1926-ஆம் வருஷம் அவளுடைய சொந்தக் கோழி படுத்தபோதுகூட, நவமணிதான் வந்து பதின்மூன்று முட்டைகளையும் வைத்தாள். ராக்காயி தன் வீட்டுச் சமையற்கட்டிலேயே தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். 

இருபத்தோராம் நாள் பதினொரு முட்டைகள் பொரித்தன. அதற்கு மூன்றாம் நாள் விடியற்காலையில் கூடை கவிழ்ந்து கிடந்தது. மூசாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரநாய், தாய்க்கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. குஞ்சுகள் விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு கத்தின.

சத்தம் கேட்டு நவமணி ஓடி வந்தாள். நல்லவள்தான். தன் வீட்டிலும் ஒரு கோழி ஒன்பது குஞ்சுகளோடு திரிகிறது, அதனோடு சேர்த்துவிடலாம் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒங்க கைக்கு எதுக்குக்கா இந்த வம்பு?" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டாள்.

"எங்கிட்டயே இருக்கட்டும்லா," என்றாள் ராக்காயி.

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. இவை பிழைக்காவிட்டால், இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் இருந்த பேச்சு முகத்துக்கு நேரே வந்துவிடும். 

அன்று வேலைக்கு மட்டம் போட்டாள். சீனன் கடையில் பால் டின் வந்த பலகைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, மணல் பரப்பி, நடுவில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டாள். பச்சைப் பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாது அல்லவா? கம்பளியால் இண்டு இடுக்கில்லாமல் மூடினாள். பச்சைப் பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டவேண்டும் அல்லவா? அதையும் காட்டினாள். பிறத்தியார் பிள்ளைகளுக்குச் செய்யக் கிடைக்காததையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் செய்து தீர்த்தாள் பாவி மகள். மறுநாள் காலையிலும் புகை காட்டி மூடிவிட்டுத்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள்.

மத்தியானம் பால் வாளியைக் கொடுத்துவிட்டு வந்து கம்பளியை விலக்கினால், மூன்று குஞ்சுகள் செத்துக் கிடந்தன. மிச்சம் எட்டும் மூலைக்கு மூலை ஒண்டி, வாயைப் பிளந்துகொண்டு இரைத்தன. ராக்காயி தன் இரண்டு கைகளையும் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

அவள் புருஷன் மாயாண்டிக்கு, ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் கொட்டகையில் நெருப்புப் பார்க்கிற வேலை. அதிகம் பேசாதவன். வந்து பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தான். கம்பளியை மோந்து பார்த்தான்.

"சூடு கூடினா ஷீட்டே கொப்புளம் போட்டுரும் புள்ள. பொகை போறதுக்கு மேல வழி வச்சுல்ல வேல செய்யிறோம். ஒங் கையில ஒரு கொறையும் இல்ல. எல்லாம் இந்தக் கம்பளியிலதான் இருக்கு," என்றான்.

பதினான்கு வருஷத்தில் அவன் பேசியதிலேயே பெரிய பேச்சு அதுதான். ராக்காயி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

பெட்டியின் மேல்பக்கம் ஓட்டைகள் போட்டார்கள். கம்பளி பாதிக்கு மேல் மூடவில்லை. விளக்கைக் கயிற்றில் கட்டி, ஏற்றவும் இறக்கவும் வசதி செய்தார்கள். மற்றதைக் குஞ்சுகளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தன: விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், விலகி ஓரத்துக்கு ஓடினால் சூடு, பரவலாகப் படுத்துத் தூங்கினால் நிம்மதி. ரேஷன் அரிசியில் நொய் புடைத்துப் போட்டாள். வேலை முடிந்து வரும்போது உளுத்த ரப்பர் கட்டையைத் தட்டிக் கறையான் கொண்டு வந்தாள். மரத்தில் பால் பிடிக்கிற மங்கு ஒன்றில் தண்ணீர் வைத்து, குஞ்சு விழுந்து முங்காமலிருக்கக் கூழாங்கல்லையும் போட்டாள். வாரத்துக்கு வாரம் விளக்கு மேலே ஏறியது. எட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒரே ஒரு கோளாறு. அவற்றிடம் தாய் யாரென்று கேட்டால் விளக்கைத்தான் காட்டும். பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகும், மாயாண்டி சாயங்காலம் அரிக்கேனைக் கொளுத்திக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினால், எட்டும் வரிசை கட்டி அவன் பின்னாலேயே ஓடும். லயமே வாசலில் நின்று சிரித்தது. மாயாண்டி மானம் போகிறதென்று இருட்டிலேயே நடக்கப் பழகிக்கொண்டான். ராக்காயிக்கு அந்தச் சிரிப்பு இனித்தது. அவளைப் பார்த்து அந்த ஜனங்கள் மனம்விட்டுச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அந்த வருஷம் மழை விடாமல் கொட்டியது. தாயோடு திரிந்த நவமணி வீட்டுக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக விறைத்து, ஒன்பதில் இரண்டுதான் தேறின. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முந்தானையில் முட்டைகளை ஏந்திக்கொண்டு ராக்காயியின் வாசலுக்கு வந்தாள். தன் வீட்டு வெள்ளைக் கோழி படுத்திருக்கிறது என்றாள். 

"அக்கா, ஒங்க கையால அட வச்சுக் கொடுங்க."

 ராக்காயிக்குச் சந்தோஷம்தான். அதோடு பழைய பயமும் சேர்ந்துகொண்டது.

"பொரிக்காமப் போச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது நவமணி."

"பொரிக்காட்டி இன்னொரு தடவ வச்சுக் கொடுங்க," என்றாள் நவமணி.

ராக்காயி கைகளைக் கழுவிக்கொண்டு அவளோடு நடந்தாள்.