தண்ணி மாமா

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெருவில் 'தண்ணி மாமா' என்று பெயர். உடனே மொடாக்குடியன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மனுஷன் ஒரு கிளாஸ் மது குடித்தால், கூடவே ஒரு பெரிய டம்ளர் பச்சைத்தண்ணீர் குடிப்பார். அதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

இந்தப் புத்தி சும்மா வரவில்லை, பட்டு வந்தது. தன் கல்யாண விருந்தில் கூட்டாளிகள் உசுப்பேற்ற, வெறும் வயிற்றில் மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டு, மாமனாரின் புதுச் செருப்பு மேலேயே வாந்தி எடுத்தார். மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து வயிறாரச் சாப்பிடாமல் கிளாஸைத் தொடமாட்டார். தொட்டாலும் உறிஞ்சி உறிஞ்சியே பொழுதை ஓட்டுவார், இரண்டாவது முடிந்தால் கவிழ்த்து வைத்துவிடுவார். "பால் குடிக்கிற பாப்பா" என்று கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டுமே! மறுநாள் அவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு முனகும்போது, இவர் சீட்டியடித்தபடி கண்ணாடி அறுத்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பெயர்தான் மகள் கல்யாணத்துக்கு வேட்டு வைத்தது. தையல்காரர் மகனுக்கும் இவர் மகளுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய், பேச்சு முடிகிற நேரம். பையனின் அம்மா தெருமுனைக் கடையில் நைசாக விசாரித்தார்.

"தண்ணி மாமாவா? தங்கமான மனுஷங்க. பக்கத்துல எப்பவும் தண்ணி இருக்கணும், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர், வெள்ளை மனசோடு.

பேச்சு அதோடு நின்றது. மகள் அழுது அழுது முகம் வீங்கிவிட்டாள். "எல்லாம் உங்க தண்ணியால வந்த வினை" என்றாள் மனைவி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெண்ணின் கண்ணீரைப் பார்க்கச் சகிக்காமல், நேரே பையன் வீட்டுக்கே போய் நின்றார்.

கதவைத் திறந்த அம்மாளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உள்ளே தையல்காரர் தலையில் ஈரத்துண்டும் பக்கத்தில் வாளியுமாகச் சுருண்டு கிடந்தார். முந்தைய நாள் நண்பர் வீட்டு விருந்தாம்.

பேச வந்ததெல்லாம் இவருக்கு மறந்தேபோனது. "வெறும் வயித்துலயா குடிச்சீங்க?"

"ஆமாங்க... கண்டதையும் கலந்து..."

"அடப்பாவமே! அம்மா, சீக்கிரம் கொஞ்சம் தண்ணி கொடுங்க."

"காலங்காத்தாலயேவா? அதுவும் என் வீட்லயா?" என்று அலறினார் அம்மாள்.

"ஐயோ, குழாயில வர்ற தண்ணிம்மா! துளி உப்பும் சர்க்கரையும் போட்டு!"

பக்கத்தில் உட்கார்ந்து, வாய் வாயாகப் புகட்டினார். புகட்டிக்கொண்டே தன் பெயர் வந்த கதையையும், மாமனார் செருப்பின் கதியையும் சொன்னார். படுத்திருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

கல்யாண விருந்தில் தையல்காரரும் மாப்பிள்ளையும் கிளாஸை எடுத்ததுமே மண்டபம் அதிர ஒரு குரல் கேட்டது.

"சம்பந்தி! எங்க வீட்டு ஆளுங்களுக்கு உங்க தண்ணியக் கொடுங்க!"

அம்மாள்தான். எல்லோரும் திரும்பிப் பார்க்க, மணப்பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். தண்ணி மாமா கூஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மாமனார் என்ற முறையில் அன்று அவரும் புதுச் செருப்புதான் போட்டிருந்தார். விருந்து முடிந்து மாப்பிள்ளை எழுந்து போகும்வரை அது புதுசாகவே இருந்தது.