கிணற்றடியில் அத்தை கேட்ட கேள்வி

அக்காவின் வயிறு வீங்கியபோது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அத்தை மகன்தான். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தெருவின் இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் அத்தை.

ஒருநாள் கிணற்றடியில் அத்தனை பெண்களுக்கும் முன்னால் அத்தை கேட்டாள்: "இன்னாடி வயிறு இது? யாருடி அப்பன்? சொல்லிட்டுப் போ."

நிச்சயம் முறிந்தது. அக்கா வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அப்போது எனக்கு மெட்ராசில் ஒரு கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் புட்டி கழுவும் வேலை. அங்கே ஒரு டாக்டர், நாய் நரிகளின் குடலில் வாழும் நாடாப்புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் முட்டை ஆட்டுக்குள்ளோ மனிதருக்குள்ளோ போனால் ஈரலில் தண்ணீர்க் கட்டியாக வருஷக்கணக்கில் வளருமாம்; அந்த ஈரலைத் தின்கிற நாய்க்குள் மறுபடி புழுவாகுமாம். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தேங்காய்ப் பருமனுக்கு ஒரு கட்டியை எடுத்தார்கள். அதை வாங்கிப் புட்டியில் மருந்து ஊற்றிப் போட்டுவைத்த எங்கள் ஆராய்ச்சிக்கூட டாக்டர், "வீட்டுல நாய் உண்டா?" என்று கேட்டார்.

எங்களுக்கு ஏது நாய்! அத்தை வீட்டில்தான் இருந்தது. ஆடு அடித்தால், நீர் கோத்த ஈரலை "இத்த எவன் துன்னுவான்?" என்று அதற்குத்தான் வீசுவாள். சின்ன வயதிலிருந்தே அக்கா அந்த நாயை மடியில் போட்டுக் கொஞ்சுவாள். அத்தை வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து டாக்டரைக் கூட்டிவந்தேன். நாய்க்குப் பேதி மருந்து கொடுத்துப் பார்த்தார். நொய்யரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாய்ப் புழுக்கள்.

அத்தை மகனுக்கு வேறு பெண் பார்த்து நிச்சயம் வைத்தார்கள். நான் என்ன இளிச்சவாயனா? டாக்டரிடம் புட்டியைக் கேட்டு வாங்கி, மஞ்சள் பையில் போட்டு ரயிலேறினேன். அக்காவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குள் நுழைந்தேன். தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் புட்டியை வைத்தேன்.

"அப்பன் யாருன்னு கேட்டியே அத்த? ஒன் ஊட்டு நாயிதான். அது குடுத்த புழு, எங்க அக்கா வயித்துல கட்டியா வளந்துகினு கெடந்துது. இந்தா கொழந்த, பேரு வையி."

டாக்டர் சொன்னதையெல்லாம் பெண் வீட்டாருக்கு ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன்?

அத்தையின் கை தன் வயிற்றைத் தடவியது. "டேய், எனக்கும் இருக்குமாடா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னாள்:

"கெணத்தடிக்கு வா அத்த. எல்லார் முன்னாலயும் கேளு, சொல்றோம்."