ஞானசீலன் தம்பியும் கள்ள வெளிச்சமும்

செவ்வாய்க்கிழமை காலை வட்ஸ்அப்பில் ஒரு மரண அறிவித்தல் வந்தது. போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். ஞானசீலன். ஐம்பத்தாறு வயது, மாரடைப்பு. பொய் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவரிடம் நான் ஒரு கதை சொல்ல வேண்டியிருந்தது. ஆறு வருடமாக இன்றைக்கு, நாளைக்கு என்று வைத்திருந்த கதை. அதைக் கேளாமலே போய்விட்டார்.

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் அவர் மனைவி லலிதா என் கையைப் பிடித்தார். "அக்கா, கண் மங்கித்தானே அவருக்கு உங்கட இடத்து வேலை போனது. அதுக்குப் பிறகு மனுசன் நிமிரேல்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்களும் ரெண்டு வரி எழுதித் தாங்கோ" என்றார். இரண்டு வரியில் முடியாது, லலிதா. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பிழையோடு அச்சடியும். ஒரு வரியையும் வெட்ட வேண்டாம்.

இங்கே மோர்னிங்சைட் பக்கம் ஞானசீலனும் நானும் வேலை செய்த பட்டறையில் வேட்டைக்காரருக்கான ரோச் லைட், அதுதான் கைவிளக்கு, பூட்டினோம். ஆட்டுக்குட்டி பிடிக்க இரவில் வரும் கயோட்டி என்ற ஓநாய்களைச் சுடுவதற்கு. முன்னால் சிவப்புக் கண்ணாடி இருக்கும். மிருகத்துக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாதாம். ஆனால் கண்ணாடி ஓரத்தால் மயிரளவு வெள்ளை கசிந்தாலும், வெளிச்சம் பக்கவாட்டில் சிதறி, விளக்கைப் பிடித்திருப்பவன் முகத்தில் பட்டாலும், கயோட்டி ஓடிவிடும். அதற்குக் கள்ள வெளிச்சம் என்று பெயர் வைத்தவள் நான்தான். பிறகு வெள்ளைக்கார முதலாளியும் காலையில் வந்து, "நோ கள்ளா ருடே?", இன்றைக்குக் கள்ளம் இல்லையே, என்றுதான் கேட்பார்.

நாங்கள் பூட்டிய விளக்கைச் சோதிப்பவர் ஞானசீலன். ஜன்னலில்லாத சாமான் அறையில் லைட்டை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருப்பார். கண் இருட்டுக்குப் பழகும்வரை ஒரு விளக்கையும் தொடமாட்டார். ஒருநாள் நான் பூட்டியவற்றில் பதினேழைத் திருப்பி அனுப்பினார். கதவடியில் நின்று, "தம்பி, உமக்கு என்னில என்ன கோபம்?" என்று கேட்டேன். "கோபமில்லை அக்கா. கயோட்டி ஆள் பாத்து ஓடாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயர்கள் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் என் மகள் சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுடைய ஐந்து வயதுப் பிள்ளையை என்னிடம் விடுவதா, வேறு வீட்டில் கொடுப்பதா என்று பிள்ளைகள் நலன் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிலையான வேலை இருக்கிறது என்று முதலாளியின் கடிதம் கேட்டார்கள். பட்டறையில் எல்லாருக்கும் அது தெரியும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பின்னேரம் அவளை என்னிடம் தருவார்களோ என்று நினைத்தபடி பஸ் ஏறுவேன்.

அந்த வாரம்தான் கடைக்கு அனுப்பிய ஒரு ஓடர் முழுதும் திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் கள்ள வெளிச்சம். ஞானசீலன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். கண்ணாடியைப் பிடிக்கும் வளையம் இறுக்கமாகத்தான் இருந்தது. விளக்கின் குழாய்க்குள் விரலை விட்டார். விரலை மணந்து பார்த்தார். பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"உள்ளுக்குத் துடைச்சனீங்களோ அக்கா?"

"ஓம். பெட்டியில வைக்கேக்கை பாத்தன், உள்பக்கம் ஊத்தையா மங்கிக் கிடந்தது. ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு மினுக்கிவிட்டனான். விளக்கெண்டால் துடைக்கத்தானே வேணும்?"

"ஐயோ அக்கா. சாமி விளக்கைத்தான் மினுக்கிறது. இதின்ர உள்பக்கம் சட்டி அடி மாதிரிக் கறுத்து மங்கித்தான் கிடக்கவேணும். மினுங்கினால் அதில பட்டுத்தான் வெளிச்சம் சிதறும்."

அவர் சோதித்து முடித்த விளக்குகளைத்தான் நான் பிறகு கெடுத்திருக்கிறேன். அவர் பக்கம் ஒரு பிழையும் இல்லை.

முதலாளி எல்லாரையும் நிறுத்தி, யாருடைய பிழை என்று கேட்டார். ஞானசீலன் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல, நீங்களே சொல்லுங்கோ என்பதுபோலப் பார்த்தார். நான் குனிந்து என் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தேன். ஞானசீலன் முதலாளியிடம் திரும்பி, தான்தான் சோதித்தது, தான் கவனிக்கவில்லை என்றார். கண்ணும் முந்திமாதிரி இல்லை என்று சேர்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி முதலாளி சொன்னார்.

அந்த வெள்ளிவரைக்கும் ஞானசீலன் சாமான் அறையைவிட்டு வரவில்லை. ஒவ்வொரு குழாயையும் ஸ்பிரிட்டால் கழுவி, மினுங்காத கறுப்பு மை பூசினார். கண்ணாடியின் பின்னால் ஒட்டுவதற்கு வளையம் வெட்ட, வெளிச்சத்தை விழுங்கும் துணி தேடினார். நான் வீட்டிலிருந்து கறுப்பு வெல்வெட் சட்டைத்துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் அதை மன்னிப்பு என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் துணி என்று நினைத்து வாங்கினார். ஒரு விளக்கும் பிறகு திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை எனக்கு முதலாளியின் கடிதம் கிடைத்தது. பிள்ளையை என்னிடமே விட்டார்கள்.

எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. அன்றைக்கே என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், அவரை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். யூனியன்வில்லில் ஒரு கலியாண வீட்டில் கண்டபோது, "பிள்ளை இப்ப எத்தினையாம் வகுப்பு அக்கா?" என்று மட்டும் கேட்டார். மூன்றாம் வகுப்பு என்றேன். மற்றதை எப்படித் தொடங்குவது என்று வார்த்தை தேடினேன். யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். கூப்பிட்ட அந்த ஆளையும் நான் மன்னிக்கவில்லை.

லலிதா, உம்முடைய கணவருக்குக் கண் மங்கவில்லை. அந்தப் பட்டறையில் ஒழுங்காகக் கண் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பிள்ளைகளுக்கும் சொல்லும். இதை வாசித்த பிறகு நீர் என்னோடு கதைக்காவிட்டால், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாய் இருந்த நேரத்தில் நான் திறக்கவில்லை.

ஞானசீலன் தம்பி எனக்கு விட்டுப்போனது என் பேத்தியை. இப்போது பதினொரு வயது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. மலர் அச்சாகி வந்ததும், இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுத்து எனக்கு வாசித்துக் காட்டச் சொல்வேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவசரமில்லை, ஆறுதலாக வாசிக்கட்டும். நான் முன்னால் இருந்து கேட்பேன்.