தாடையால் மிதித்த பெடல்

கறம்பக்குடிச் சந்தையில் கத்திரிக்காய் விற்பவர்கள் அடைக்கலமேரி தூரத்தில் வரும்போதே சொத்தைக் காய்களைச் சாக்குக்குள் தள்ளிவிடுவார்கள். அப்படி ஒரு வாய் அவளுக்கு. கை அதற்கும் மேலே. ராக்கனின் வெல்டிங் பட்டறையில் எவர்சில்வர் பால் கேன்களுக்கு அவள் போட்ட ஒட்டில் எறும்பு ஊர்ந்தால் வழுக்கி விழும் என்பார்கள். விழுந்த எறும்பைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்களும் உண்டு.

அந்த வெல்டிங்கில் இரண்டு கையும் போதாது. ஒரு கையில் நெருப்புக் கக்கும் டார்ச், மறு கையில் உருகி ஒட்டும் கம்பி, காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல் ஒரு பெடல். அழுத்தினால் கரண்ட் கூடும், விட்டால் குறையும். மெல்லிய தகட்டில் கால் கொஞ்சம் பிசகினாலும் ஓட்டைதான்.

போன வருஷம் தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்ததில் மேரியின் கால்கள் இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. உலகத்தில் அவள் பேச்சைக் கேட்காதவை அவை மட்டும்தான்.

சக்கர நாற்காலியில் பட்டறைக்கு வந்தவளிடம் ராக்கன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "போன் எடு, ஆர்டர் கேட்டுக்க. ஒனக்கு இங்க எப்பவும் எடம் இருக்குத்தா."

"எந்த எடம்ணே? வெல்டிங் மேசைக்கு இங்கிட்டா, அங்கிட்டா?"

"கால் இல்லாம பெடல எப்புடிம்மா..."

"பெடலுக்குக் கால்தான் வேணும்னு யாரு சொன்னா? அமுக்க ஏதோ ஒண்ணு வேணும், அம்புட்டுத்தான்."

பாலிடெக்னிக்கில் படித்த எலக்ட்ரானிக்ஸ் அத்தனை வருஷமும் அவளுக்குள் சும்மா கிடந்தது. பழைய பெடல் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழைப் போன்ற ஒன்றுதான் இருந்தது. அதைத் திருப்ப ஒரு குட்டி மோட்டார், மோட்டாருக்கு உத்தரவு போட மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்னச் சர்க்யூட் பலகை, வெல்டிங் ஹெல்மெட்டின் தாடைப் பட்டையில் அழுத்தத்தை உணரும் ஒரு வில்லை என்று சேர்த்தாள். தாடையை அழுத்தினால் குமிழ் திரும்பும். டார்ச்சில் பொறி கிளம்பும்போதெல்லாம் அந்தச் சின்னப் பலகை மிரண்டு தன் வேலையை மறந்தது. பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவுக்கு எர்த் கொடுத்தாள். அடங்கியது.

"ஒரு கேன் ஒட்டு" என்றார் ராக்கன். "தண்ணி ஊத்திப் பாப்பேன். சொட்டுச்சுன்னா போன்கிட்ட போயிரணும்."

"சொட்டலைன்னா மேசை எனக்கு."

ஒட்டு பாதி தூரம் அழகாக ஓடியது. பாலிஷ் போடும் சுகுணாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன்டி மேரி, இதை மாட்டிக்கிட்டுச் சோறு தின்னா மோட்டாருக்கும் பசி அடங்குமா?"

வேறு யாராக இருந்தாலும் பேசாமல் ஒட்டியிருப்பார்கள். மேரி பதில் சொன்னாள். தாடை ஆடியது, மோட்டார் துள்ளியது, தகட்டில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை.

ராக்கன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாயை மூடிக்கிட்டு ஒட்டு தங்கச்சி. மேசை ஒனக்குத்தான்."

சுலபமான வழிதான். அவளுக்கும் தெரியும். மேசையும் வேண்டும். ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"வாயை மூட நான் மிஷின் செய்யலைண்ணே. நாளைக்கு வாரேன்."

வீட்டில் லேப்டாப் திரையில் தன் தாடையின் அசைவைக் கோடாக ஓடவிட்டுப் பார்த்தாள். அழுத்தும்போது கோடு மெதுவாக மேடேறியது. பேசும்போது கோழி கிளறியதுபோல் வெடுக்வெடுக்கென்று துடித்தது. துடிப்பைக் கண்டுகொள்ளாதே, மேட்டை மட்டும் பின்தொடர் என்று புரோகிராமை மாற்றினாள். சோதித்துப் பார்க்க, முருங்கைக்கன்றை மேய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆட்டை மூச்சு விடாமல் திட்டினாள். மோட்டார் அசையவில்லை. ஆடு அதன் பிறகு முருங்கையைத் தலை நிமிர்ந்தும் பார்த்ததில்லை.

மறுநாள் யாரும் வாயைக் கிளறவில்லை. அவளே ஆரம்பித்தாள். ராக்கன் வாங்கிப்போட்ட மட்டக் கம்பி, ஒழுகுகிற கூரை, ஓடாத ஃபேன் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டினாள். கேனைச் சுற்றி ஒட்டும் நிற்காமல் ஓடியது.

தண்ணீர் ஊற்றினார்கள். ராக்கன் குனிந்து வேட்டி முனையால் அடிப்பக்கத்தைத் துடைத்தார். வேட்டி நனையவில்லை.

"சரி, மேசை ஒனக்கு" என்றார். "பேச்சை மட்டும் கொஞ்சம் கொறச்சுக்க."

"அது நேத்து நாம பேசுன பேச்சுல இல்லண்ணே. இந்த மேசை என் நாற்காலிக்கு ஒசரமா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள காலை அறுத்து எறக்கிருங்க."

ராக்கன் கட்டிங் மிஷினைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.