பேர் வெட்டிய டம்ளர்கள்

ஜெயினம்பு அக்காவைப் பற்றிப் படித்தவர்கள் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். ஒருத்தரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை. சரி, அவருடைய டம்ளர் மூட்டைகளை மதுரை முழுக்கச் சுமந்து திரிகிற லோடு ஆட்டோக்காரன் நானே எழுதிவிடுகிறேன். என் பெயர் அழகுபாண்டி, மேலூர்க்காரன். எனக்குச் சட்டென்று கோபம் வரும். எதையும் லேசில் மெச்சுகிற ஆளும் கிடையாது. அப்பேர்ப்பட்ட நானே வாயைப் பிளந்து நின்ற ஒரு நாளைத்தான் சொல்லப்போகிறேன்.

அக்காவுக்கு வீடு காஜிமார் தெருப் பக்கம். அவர் வீட்டுக்காரர் அப்துல் ஹலீம் பாய் பிளாஸ்டிக் கப் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். என் வண்டியும் அந்த லோடை நம்பித்தான் ஓடியது. அரசாங்கம் தடை போட்டதும் கடை படுத்துவிட்டது. பாய் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா உட்காரவில்லை, பரணில் ஏறினார். கல்யாணச் சீராக வந்து, ஒரு நாள்கூடப் புழங்காமல் சாக்குக்குள் கிடந்த எவர்சில்வர் டம்ளர்களை இறக்கினார். தெருவில் நடந்த ஒரு விசேஷத்துக்கு வாடகைக்குக் கொடுத்து, தானே கழுவி வாங்கிவந்தார். அன்றைக்கு அந்த வாசலில் ஒரு கப்கூடக் குப்பையாக விழவில்லை.

"எல்லார் வீட்டுப் பரணுலயும் இப்பிடி ஒரு சாக்கு தூங்குது பாண்டி. அதை எழுப்பி விட்டாப் போதும்" என்றார் என்னிடம்.

எழுப்பித்தான் விட்டார். வேலை தேடி வந்த பெண்களிடம், "முதல் போடப் பணம் வேணாம்மா, பரணுல கெடக்குற டம்ளரக் கொண்டாங்க, கூட்டாளி ஆயிடலாம்" என்று சொன்னார். கொண்டுவந்த டம்ளர்களில் யாருடையது எது என்று தெரிவதற்காகப் பேர் வெட்டுகிற சின்ன மிஷின் ஒன்று வாங்கினார். ஒவ்வொரு டம்ளரிலும் அதற்குரியவளின் பெயர். கணவன் பெயரோ அப்பா பெயரோ கிடையாது. அதில் மட்டும் அக்கா பிடிவாதம்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி ரூபினா. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பெண், இப்போது ஆர்டர் கணக்கெல்லாம் அவள் பொறுப்பு. இன்னொருத்தி முத்துத்தாய். கல்யாண மண்டபங்களின் பின்வாசலில் பாத்திரம் கழுவியே பாதி வயதைக் கழித்தவள். கடைசிப் பந்தியும் முடிந்தபிறகு மிச்சம் இருந்தால் சாப்பாடு. அங்கே அவளுக்குப் பெயரே இல்லை. "ஏய் பாத்திரம், இங்கிட்டு வா" என்றுதான் கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் தன் பெயர் வெட்டிய டம்ளரை மட்டும் மூட்டைக்குள்ளிருந்து சரியாக எடுத்துவிடுவாள். கான்ட்ராக்டரிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அக்காவிடம் வந்தவள். திரும்பிப் போனால் அங்கே இடம் கிடையாது.

இந்த நிலையில்தான் போன வருசம் பேரையூர்ப் பக்கமிருந்து நாகஜோதி என்ற மகளிர் குழுத் தலைவி போன் செய்தார். அவர்கள் ஊர்க் கருப்பசாமி கோயிலில் கிடாவெட்டு. அதற்கு முந்தின வருசக் கிடாவெட்டில் வீசிய கப்புகள் பொட்டலெங்கும் கிடந்திருக்கின்றன. ஊர்ப் பெரியவர் சுருளியின் மனைவி ரெங்கம்மாள் சாமிக்கென்று நேர்ந்து வளர்த்த கிடா அதையெல்லாம் தின்றுவிட்டு, வயிறு உப்பிச் செத்துப்போயிற்று. சாமி கிடாவையே கொன்றுவிட்டோமே என்று ஊரே ஆடிப்போய்விட்டது. அதனால்தான் அந்தத் தடவை எவர்சில்வர் டம்ளர்.

அக்கா வழக்கமான ஒரே ஒரு கட்டளையைப் போட்டார். "தண்ணி மட்டுந்தேன். வேற சரக்கு எதுவும் என் டம்ளர்ல ஊத்தக் கூடாது." சாமி மேல் சத்தியம் என்றார்கள். டம்ளர் போனால் கழுவுகிற பெண்களும் கூடவே போவார்கள் என்பது அக்காவுக்குப் பழகிப்போன விஷயம், அதனால் தனியாகச் சொல்லவில்லை. அந்தக் கோயில் வழக்கம் நாகஜோதிக்குப் பிறந்ததிலிருந்து பழகிப்போன விஷயம், அதனால் அவரும் சொல்லவில்லை.

காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பொட்டலுக்கு முன்னால் ஓர் எல்லைக்கல். சுருளி அண்ணன் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். பெரிய மீசை, நெற்றி நிறையத் திருநீறு.

"வண்டி மட்டும் வரட்டும் தாயி. பொம்பளைக இந்தக் கல்லத் தாண்டக் கூடாது."

அங்கே வெட்டுவது, சமைப்பது, பரிமாறுவது, சாப்பிடுவது எல்லாம் ஆண்கள்தான். சாப்பிட்ட இலையை எடுக்கவும் மாட்டார்கள். அது வெயிலில் கிடந்து சருகாக வேண்டும். அதுவரைக்கும் பெண்கள் கால் வைக்கக்கூடாது. பந்தியில் எச்சில் பட்ட எதையும் கழுவாமல் கல்லைத் தாண்டி வெளியே கொண்டுவரவும் கூடாது.

"எலை எப்பண்ணே காயும்?" என்று கேட்டார் அக்கா.

"வெயிலப் பொறுத்துத் தாயி. நாலஞ்சு நாளு ஆகும்."

முத்துத்தாயின் முகம் செத்துவிட்டது. மறுநாள் மதியம் ஒத்தக்கடையில் ஒரு வலீமா, நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டில் போடுகிற விருந்து. அதற்கும் இதே டம்ளர்கள்தான். "பொம்பளைகள நம்பி எப்பிடி, பேப்பர் கப்பே வாங்கிக்கிறோம்" என்று இழுத்த வீட்டுக்காரரிடம் அக்கா வாக்குக் கொடுத்து வாங்கிய ஆர்டர் அது. டம்ளர் இல்லாமல் நின்றால் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவும். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. வண்டியைத் திருப்பப் போனேன்.

"ஆஃப் பண்ணு பாண்டி" என்ற அக்கா இறங்கி, கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். "அண்ணே, உங்க கட்டுப்பாட்ட நான் மீறல. ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. ஆம்பளைக பாத்திரம் கழுவக் கூடாதுன்னு சாமி எதும் சொல்லியிருக்கா?"

சுருளி அண்ணன் மீசையைத் தடவினார். கோயிலைத் திரும்பிப் பார்த்தார். "அப்பிடி ஒண்ணும் சொன்னதில்லையே தாயி."

"அப்பச் சரி. அண்டாவ உங்க பக்கம் வைங்க. குடிச்ச ஆளே குடிச்ச டம்ளரக் கழுவட்டும். நாங்க இங்கிட்டு இருந்து சொல்லிக் குடுக்குறோம்."

நான் நம்பவில்லை. கறிச்சோறு தின்ற ஆம்பளை எழுந்துபோய்த் தன் கையைக் கழுவுவதே பெரிய காரியம். நானும் ஆம்பளைதானே, உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தேன். பெண்கள் ரோட்டோர வேப்பமரத்தடியில் கட்டுச்சோற்றோடு காத்திருந்தார்கள்.

பந்தி முடிந்ததும் சுருளி அண்ணன் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். எல்லாரும் பார்க்க நடந்துபோய், வேட்டியை மடித்துக் கட்டி அண்டாவுக்கு முன்னால் குத்தவைத்தார். சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, அலசி, கல்லுக்கு மேலாக நீட்டினார். கல்லோரம் வந்து நின்ற முத்துத்தாய் அதை வாங்கி விளிம்புக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னொருக்காக் கழுவுங்கண்ணே. விளிம்புல எண்ணெய் நிக்குது."

 தொலைந்தோம் என்று நினைத்தேன். சுருளி அண்ணன் டம்ளரை வாங்கிக்கொண்டார். திரும்பப் போய்க் குத்தவைத்துக் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு யார் மறுப்பார்கள்? பெரிய பெரிய மீசைகளெல்லாம் டம்ளரும் கையுமாக வரிசையில் நின்றன.

அப்போது ஓர் இளவட்டம் டம்ளரைத் தேய்த்துக்கொண்டே சத்தமாகப் படித்தான். "முத்துத்தாய்... யாருப்பா அது முத்துத்தாயி?"

கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "நாந்தேன்."

பக்கத்திலிருந்த ஒரு கிழவர் திடுக்கிட்டார். "அடேய், பொம்பளைக பேரு வெட்டின டம்ளர்லயாடா குடிச்சோம்? அது உள்ள வரலாமா?"

எல்லாக் கண்ணும் சுருளி அண்ணன் மேல் திரும்பியது.  அவர் நிதானமாகக் கையை உதறினார்.

"அம்புட்டுப் பேரும் குடிச்சாச்சு. கருப்பன் பாத்துக்கிட்டுத்தான இருந்தான்? ஒண்ணும் சொல்லலையே. கழுவுங்கப்பா."

ஒருத்தன் சிரித்தான். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள். அதற்குமேல் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. கழுவுகிறவன் எல்லாம் டம்ளரைப் பார்த்துப் பேரைக் கூப்பிட ஆரம்பித்தான். "ரூபினா!" "இங்கிட்டு!" "ஜெயினம்பு!" "வாரேன்!" "முத்துத்தாய்!" "நாந்தேன்!" மறுபடி, "முத்துத்தாய்!" வேடிக்கையாகத் தொடங்கியதுதான். ஆனால் போகப் போக அந்தக் குரல்களில் ஒரு மரியாதை வந்துவிட்டது. கிடாவெட்டு நாளில் ஒரு பெண் காலடி படாத பொட்டலில் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பெண்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.  கருப்பனுக்குப் போட வேண்டிய கும்பிடை பெண்கள் நின்ற பக்கம் திரும்பிப் போட்டுவிடலாமா என்று எனக்கு இருந்தது. முத்துத்தாய் நாலைந்து தடவை "நாந்தேன்" என்றாள். அதற்குமேல் முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்காக அக்காவே பதில் சொன்னார்.

மறுநாள் ஒத்தக்கடையில் டம்ளர்கள் பளபளவென்று வரிசையாக நின்றன. யார் கழுவியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நன்றாகக் கழுவிய டம்ளரைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்த வீட்டுக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கும் அங்கேயே சொல்லி வைத்தார்.

இந்த வருசம் அந்தக் கிடாவெட்டுக்கு அக்காவின் டம்ளர் போகவில்லை. நாகஜோதியும் சுருளி அண்ணன் மனைவி ரெங்கம்மாளும் ஊர்ப் பெண்களைச் சேர்த்து, தங்கள் பரண்களை இறக்கி, தாங்களே கடை போட்டுவிட்டார்கள். கழுவும் பக்குவத்தை முத்துத்தாய் போய்த் தங்கிச் சொல்லிக் கொடுத்தாள். பேர் வெட்டுகிற மிஷினை அக்கா இரவல் கொடுத்தார். "உங்க ஆர்டர் போச்சேக்கா" என்றேன். "போகட்டும் பாண்டி, உலகத்துல கல்யாணமா இல்ல?" என்றார்.

கிடாவெட்டு அன்றைக்குப் பெண்கள் இன்னும் அந்தக் கல்லைத் தாண்டவில்லை. இலை காய்வதற்குத்தான் காத்திருக்கிறார்கள். டம்ளர்களை நான்தான் உள்ளே ஏற்றிப் போனேன். பந்தியில் சுருளி அண்ணன் எனக்குப் பக்கத்து இலை. தண்ணீர் வைக்க வந்தவன் ஒரு டம்ளரை அவர் முன்னால் வைத்தான். அவர் அதை எடுத்துத் திருப்பி, வெட்டியிருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவனிடமே நீட்டினார்.

"இது வேணாம்ப்பா. ரெங்கம்மாளத் தேடிக் கொண்டா."